நான் புறாக்களுக்குப் போட்ட கோதுமை

போன மாதம் தர்சி என்னை வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு இயந்திரத்தைக் காட்டினாள். இத்தாலியின் பலேர்மோ நகரத்து விதைக் களஞ்சியம் ஒன்றில் இப்போது அவளுக்கு வேலை. நான் இருபது வருடத்துக்கு மேல் விதை துப்பரவாக்கி, பொதி செய்து, முதுகு வளைந்து ஓய்வு பெற்ற அதே இடம்தான். தர்சி இங்கேயே பிறந்த யாழ்ப்பாணப் பிள்ளை, நன்றாகப் படித்தவள், எந்த இயந்திரத்தைக் கண்டாலும் சந்தோசப்படுகிறவள். அன்று காட்டியது, மேலே கொட்டும் தானியத்தை மணி மணியாகக் கமெராவால் பார்த்து, நிறமோ பருமனோ வேறுபட்டதைக் காற்றால் ஊதி வெளியே தள்ளும் இயந்திரம்.

“அன்ரி, குவார்தா, பாருங்கோ! நீங்கள் ஒரு கிழமை இருந்து பொறுக்கிறதை இது பத்து நிமிசத்திலை செய்யுது.”

“ஊதித் தள்ளினது எங்கை போகுது?”

“அது ஸ்கார்த்தோ அன்ரி. கழிவு. குப்பைக்கு.”

“விவசாயிமாரிட்டை வாங்கின பழைய வகையளையும் இதுக்குள்ளை போடப் போறியளோ?”

“ஓம், எல்லாந்தான். ஏன்?”

ஏன் என்று கேட்கிறாள். அந்த அறையின் சுவரில் காலநிலை மாற்றம், பயிர்ப் பல்வகைமை, விவசாயிகளின் எதிர்காலம் என்று ஆளுயரத்துக்கு வண்ணப் படங்கள் ஒட்டியிருக்கிறார்கள். படங்களுக்கு நேர் கீழேதான் அந்த இயந்திரம் நின்று ஊதிக்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தர்சி முகம் சிவந்து, “அப்ப எழுதித் தாங்கோ அன்ரி. நான் கூட்டத்திலை மொழிபெயர்த்து வாசிக்கிறன்” என்றாள். அதனால் எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை தரும் விசயம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பலேர்மோவுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எல்லாரையும் போல லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருப் பக்கத்தில் ஒரு சின்யோரா அம்மா வீட்டில் துடைப்பம் பிடித்தேன். இவர், அதாவது என் கணவர், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். போர்கோ வெக்கியோ என்ற பழைய குடியிருப்பில் ஒரு அறையும் பாதி சமையலறையும் எங்கள் வீடு. ஒருநாள் அந்தச் சின்யோராவின் மைத்துனி விருந்துக்கு வந்திருந்தபோது நான் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தன் கதையை நிறுத்திவிட்டு என் கை விரல்களைப் பார்த்தபடி நின்றார். அடுத்த மாதம் நான் அவருடைய விதைக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பயிற்சி என்று சொல்ல இரண்டு கிழமைதான்.

அவர்தான் தொத்தோரெஸ்ஸா. பட்டம் பெற்ற பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மெலிந்த மனிசி, மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பேனையால் எழுதுகிறவர்களைப் பிடிக்காது. ஈரம் பட்டால் மை ஊறிவிடும், பென்சில்தான் நிற்கும் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு பொட்டலத்தையும் திறந்தவுடன் மணந்து பார்ப்பார். மனிதரோடு கதைப்பதைவிடப் பொட்டலங்களோடுதான் அதிகம் கதைப்பார். சந்தேகம் வந்தால் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார், மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் நம்புவார். வேலை பிடித்தால் “பிராவா”, கெட்டிக்காரி, என்பார். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று விளக்கும் பழக்கம் அவரிடம் கிடையவே கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

வேலை இப்படித்தான். விதைக்கும் வயதாகும். குளிர் அலுமாரியில் வைத்தாலும் மெல்ல மெல்லச் சாகும். ஆகவே சில வருடத்துக்கு ஒரு முறை ஒரு பொட்டலத்திலிருந்து நூறு மணி எடுத்து, ஈரக் காகிதத்தில் பத்துப் பத்தாக அடுக்கிச் சுருட்டி வைப்போம். எட்டாம் நாள் விரித்து முளைத்ததை எண்ணுவோம். முளைப்புக் குறைந்திருந்தால் அந்தப் பொட்டலத்தை களஞ்சியத்தின் வயலில் விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். வரிசையின் இரண்டு முனையிலும் இலக்கத் தகடு. ஒன்று காற்றில் போனாலும் மற்றது நிற்கும். அறுவடை கையால். ஒவ்வொரு வகைக்கும் தனித் துணிப்பை. அடுத்த வகையைத் தொட முன் பையை உள்வெளியாகத் திருப்பி உதற வேண்டும், மடிப்பில் ஒரு மணி தங்கிப் போய் மற்றதோடு கலக்கக்கூடாது. பிறகு அடித்து, துப்பரவாக்கி, ஈரம் உறிஞ்சும் நீல மணிகளோடு தட்டில் காய வைத்து, அந்த நீலம் நிறம் மாறாமல் நின்றால்தான் பொட்டலம். உள்ளே ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு, இரண்டும் பென்சிலில்.

துப்பரவாக்குவதற்கு எனக்குத் தந்த கட்டளை நான்கே நான்கு: வைக்கோலை எடு, கல்லை எடு, களை விதையை எடு, உடைந்த மணியை எடு. ஐந்தாவதை நானாகவே சேர்த்துக்கொண்டேன். சூம்பியது, சின்னது, நிறம் மாறியது, பக்கத்து மணியோடு ஒத்துப்போகாதது எல்லாவற்றையும் எடுத்தேன். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் விதைநெல்லில் கலப்பு இருந்தால் அது வீட்டுக்கே இழுக்கு. வேற்று மணி ஒன்று கண்ணில் பட்டால் சுளகை வைத்துவிட்டு அதைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தப் பழக்கத்தைத்தான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பொறுக்கியதைக் குப்பையில் போட மனம் வரவில்லை, தானியம் அல்லவா. மதியம் முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் புறாக்களுக்குப் போடுவேன். என்னைக் கண்டாலே கூரையிலிருந்து இறங்கிவிடும். நான் செய்த பொட்டலத்தைத் தொத்தோரெஸ்ஸா வெளிச்சத்தில் பிடித்து, ஒரே நிறம், ஒரே பருமன் என்று பார்த்து, “பிராவா” என்பார். நான் பூரித்துப் போவேன். நாலு வருடம் இப்படியே போயிற்று. அந்த நாலு வருடமும் நான் என்ன செய்தேன் என்பதைப் புறாக்கள் மட்டுமே அறியும்.

இனி சூ கலோவின் கதை. சூ என்பது நாங்கள் அண்ணை, மாமா என்பது போல வயதானவருக்குச் சொல்லும் மரியாதைச் சொல். மதோனியே மலைப் பக்கத்தில் கல்லணை கட்டிய படிநிலங்களில் கோதுமை விதைக்கிற மனிதர். நான் வேலைக்கு வருவதற்கு முன்பே தன் விதையில் ஒரு பங்கைக் களஞ்சியத்துக்குக் கொடுத்திருந்தார். என்ன வகை என்று படிவத்தில் கேட்டதற்கு, “எங்கடை கோதுமை” என்று மட்டும் சொன்னாராம். தொத்தோரெஸ்ஸாவும் அப்படியே எழுதி, 212 என்று இலக்கம் போட்டு வைத்திருந்தார்.

ஓர் இலையுதிர் காலத்தில் அவர் ஒரு துணிப்பையோடு பேருந்தில் வந்து இறங்கினார். அவருடைய சிசிலியன் பேச்சை எனக்கு விளங்கியபடி எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

“மழை முந்தி மே மாதம் வரை வரும். இப்ப மார்ச்சோடை கைவிடுது. ஏப்ரல் முடியேக்கை சிரோக்கோ, அந்தச் சுடுகாத்து, அடிக்குது. மானியம் கிடைக்கும் எண்டு சொல்லிப் புது விதை வாங்கினன். இரண்டு வருசமாப் பதர்தான். என்ரை பழைய விதையை வண்டு திண்டிட்டுது. நான் தந்ததிலை கொஞ்சம் திருப்பித் தாங்கோ.”

தொத்தோரெஸ்ஸாவின் முகம் அப்படி மலர்ந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. இதற்காகத்தானே இந்தக் களஞ்சியம் என்று என் தோளில் தட்டினார். பொட்டலத்தில் இருந்த கையளவு மணி விதைப்புக்குப் போதாது. ஆகவே களஞ்சியத்தின் வயலில் ஒரு பருவம் பெருக்கினோம். அந்த வருடம் எங்கள் பக்கம் நல்ல மழை. அடுத்த இலையுதிரில் ஒரு சாக்கு விதை அவருக்குப் போனது. ஒரு விவசாயி விதைக்கப் போகிற விதை என்பதால் அந்தச் சாக்கை நான் கலியாண வீட்டு அரிசி போலப் பொறுக்கினேன். இதை எழுதும்போது தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

மே மாதம் அவர் மறுபடி வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. கை நிறையக் கதிர்களைக் கொண்டுவந்து தராசு மேசையில் போட்டார். எல்லாம் ஒரே உயரம், மணி நுனியில் ஒரே வெள்ளை மீசை, சுடுகாற்றில் வெந்து போனவை. நசுக்கிக் காட்டினார், உள்ளே மணி பிடிக்கவில்லை.

“இது என்ரை இல்லை.”

“இது 212 தான்” என்றார் தொத்தோரெஸ்ஸா.

“என்ரை கோதுமையிலை மூண்டு பேர். நெட்டை, கறுத்த மீசைக்காரன், பிறகு சின்னவன். சின்னவன் சிவப்பு, குட்டை, மணியும் சூம்பின மாதிரி இருக்கும். ஆனா சிரோக்கோ வர முன்னம் அவன் பழுத்து முடிச்சிடுவான். மழை வருசத்திலை நெட்டை சோறு போடும், காய்ஞ்ச வருசத்திலை சின்னவன் போடுவான். இனி அவனை நம்பித்தான் நான் இருக்கிறன். எங்கை அவன்?”

சிவப்பு, சின்னது, சூம்பின மாதிரி. எத்தனை சிட்டிகை, எத்தனை மதியம்!

தொத்தோரெஸ்ஸா அவரை மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டு, பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் போடுவதாகச் சொன்னார். அவர் போனதும் பெருமூச்சு விட்டு, வயதானால் ஞாபகம் இப்படித்தான் குழம்பும் என்றார். பின்னேரம் கடிதத்தின் பென்சில் பிரதி என் மேசைக்கு வந்தது. வழங்கப்பட்ட விதை பாதுகாக்கப்பட்ட மாதிரியோடு பொருந்துகிறது என்று இருந்தது. பொருந்தத்தான் செய்தது. இரண்டையும் பொறுக்கியவள் நான்தானே.

அன்று வீட்டில் சோறு போடும்போது இவரிடம் சொன்னேன்.

“இஞ்சேருங்கோ, அந்த மனிசன்ரை விதையை நான்தான் பாழாக்கிப் போட்டன்.”

“நீர் எடுத்தது குப்பை. அதுக்குத்தானே சம்பளம் தந்தவை?”

“அது குப்பை இல்லை எண்டு இப்பத் தெரியுது.”

“அவைக்குத் தெரியாதெல்லோ? பேசாமல் இரும். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க இன்னும் மூண்டு மாசந்தான் இருக்கு. வேலைக் கடிதம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிசிலை போய் எதைக் காட்டப் போறீர்? உம்மடை வாயாலை இரண்டு பேரும் பெட்டி கட்டவேண்டி வரும்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடுதலாக எரிச்சலைத் தந்தது. பெர்மெஸ்ஸோ, குடியிருப்பு அனுமதி என்ற அந்த ஒரு காகிதத்துக்காக நாங்கள் எத்தனை பிழையை விழுங்கியிருப்போம்! ஆனால் அந்தக் கிழவனைப் பொய்யனாக்கி ஒரு கடிதம் போகப்போகிறது, அதை உறையில் போட்டு முத்திரை ஒட்ட வேண்டியவளும் நான்.

காலையில் உறையை எடுத்துக்கொண்டு தொத்தோரெஸ்ஸாவின் மேசைக்குப் போனேன்.

“இதை அனுப்பாதேங்கோ. அவர் சொல்லுறது சரி. அந்தச் சின்ன மணியளை நான்தான் பொறுக்கி எடுத்தனான்.”

கண்ணாடியைக் கழற்றினார். “எந்தப் பொட்டலத்திலை?”

“இதிலை மட்டுமில்லை, எல்லாத்திலையும்.”

“எந்தப் பொட்டலங்களிலை எண்டு கேக்கிறன்.”

“எல்லாத்திலையும்.”

“எல்லாத்திலையும் எண்டால்?”

“நான் துப்பரவாக்கின எல்லாத்திலையும். நாலு வருசமா.”

மூன்று தரம் கேட்டுவிட்டார், மூன்று பதிலும் ஒன்றுதான். தராசு மேசைக்குப் பக்கத்து முக்காலியில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு, “எடுத்தது எங்கை?” என்றார். புறாக்களைப் பற்றிச் சொன்னேன். யன்னலைத் திரும்பிப் பார்த்தார். கூரையில் அவை வரிசையாக இருந்தன, நல்ல கொழுப்போடு.

“நான் பிராவா எண்டு சொன்னன்” என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

“ஓம். ஒவ்வொரு முறையும் சொன்னியள். ஏன் எண்டு ஒருக்காலும் சொல்லேல்லை.”

அப்படிச் சொல்லும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பயம் அளவுக்கு மீறினால் கோபமாகத்தான் எனக்கு வெளியே வரும். அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. வேலைக் கடிதத்திலும் மூன்று மாதம் கழித்துக் கையெழுத்துப் போட்டார். நிறுத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், அவரையும் திட்டியிருப்பேன். அந்தக் கோடை முழுவதும் இரண்டு பேருமாக அலுமாரியைத் திறந்து பொட்டலம் பொட்டலமாகப் பார்த்தோம். சிலவற்றுக்கு விவசாயி தந்த மூல விதை கண்ணாடிச் சாடியில் மிச்சம் இருந்தது, அவை தப்பின. மற்றவற்றில் என்ன இருந்தது, என்ன போனது என்று எனக்கும் தெரியாது, இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. 212 இன் சாடி முதல் விதைப்பிலேயே காலியாகியிருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்ன அந்தக் காலையிலேயே, முதலில் எடுத்துப் பார்த்த அந்தக் காலிச் சாடிக்கு முன் நின்றபோதுதான் எனக்கு ஒன்று தட்டியது. நாங்கள் பெருக்கிய வருடம் நல்ல மழை. மழை கண்டால் சின்னவனின் மணியும் கொஞ்சம் பருத்திருக்கும், நிறமும் வெளிறியிருக்கும்.

“என்ரை கண்ணுக்குத் தப்பினது கொஞ்சமாவது அந்தச் சாக்கோடை அவற்றை நிலத்துக்குப் போயிருக்கும்” என்றேன்.

தொத்தோரெஸ்ஸா கார்ச் சாவியை எடுத்தார். யன்னலைத் திறந்தால் அடுப்புக் காற்று, மூடினால் வியர்வை. சூ கலோ எங்களைக் கண்டு படிநிலத்தின் ஓரத்துக்கு வந்தார். சொல்ல வேண்டியதை நான்தான் சொன்னேன். என் இத்தாலியன் அன்று மிகவும் நொண்டியது, ஆனாலும் அவருக்கு விளங்கிவிட்டது.

“புறாவுக்கோ?”

“ஓம்.”

“என்ரை சின்னவனைப் புறாவுக்கோ போட்டாய்?”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி நிலத்தின் மறு எல்லை வரை நடந்து, எங்களுக்கு முதுகு காட்டியபடி நின்றார். நான் அழுதேன், வெட்கத்தில்தான். பிறகு அவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

“ஏன் இன்னும் நிக்கிறியள்? அவன் இருந்தா இப்பப் பழுத்திருப்பான். இண்டைக்கு எடுக்காட்டிக் கொட்டிப்போடும், இல்லாட்டிக் குருவி திண்டுடும். வாங்கோ!”

வரப்பிலிருந்து பார்த்தால் நெட்டைக் கதிர்கள் மட்டும்தான் தெரியும். அதனால்தான் அவருக்கும் முதலில் ஒன்றும் தென்படவில்லை. மூன்று பேரும் முழங்காலில் இருந்து, தாள்களை இரண்டு கையாலும் விலக்கி விலக்கிப் போனோம். தொத்தோரெஸ்ஸாவின் காலுறை கிழிந்தது, கண்ணாடி இரண்டு தரம் விழுந்தது. அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. சூ கலோவுக்கு இரண்டு. ஒத்துப்போகாததைக் கண்டுபிடிக்கிற கண் எனக்குத்தான் இருந்தது, என்ன செய்ய. நெட்டையின் அடியில், என் முழங்கால் உயரத்தில், தலை குனிந்தபடி ஒரு சிவந்த கதிர். நசுக்கினேன். உள்ளே மணி கல்லுப் போல நிறைந்திருந்தது. “இஞ்சை! இஞ்சை இருக்கு!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவர்கள் இருவருக்கும் அது விளங்கியது.

வெயில் சாயும்வரை தேடியதில் மொத்தம் பதினொரு கதிர். சூ கலோ அவற்றைத் தன் தொப்பிக்குள் வைத்து, கோதுமைத் தாளால் கட்டினார். தொத்தோரெஸ்ஸா பையிலிருந்து ஒரு புதுப் பொட்டலத்தை எடுத்து, களஞ்சியத்துக்கு இரண்டு கதிர் தர முடியுமா என்று மிகவும் தயங்கிக் கேட்டார். அவர் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார், தொத்தோரெஸ்ஸாவைப் பார்த்தார், இல்லை என்று தலையாட்டினார். பிறகு கட்டை அவிழ்த்து, இரண்டு கதிரை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதை நீ வைச்சிரு. நீ இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரியா இருந்திருந்தா, பிள்ளை, என்ரை கோதுமை ஒண்டும் மிஞ்சாமல் முடிஞ்சிருக்கும்.”

பலேர்மோ வரும்வரை அந்த இரண்டு கதிரையும் மடியில் ஏந்திக்கொண்டு வந்தேன். பாதி வழியில் தொத்தோரெஸ்ஸா மெதுவாக, “அதிலை ஒட்டியிருக்கிற மண்ணையாவது தட்டிவிடன்” என்றார். நான் மாட்டேன் என்றேன்.